சின்ன வயதுக் காயமும் பதின்வயதுச் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நாம் முதலில் பார்ப்பது தட்டை. அப்புறம் எடையை. கவலை கூடினால் ரத்தப் பரிசோதனை. அந்தப் பிள்ளை இத்தனை வருடம் என்னென்ன பேச்சு கேட்டது, யாரிடம் என்ன பட்டது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல வீடுகளில் வரவே வராது. பெற்றோரும் ஆசிரியர்களும், சில நேரம் அந்தப் பிள்ளைகளுமே கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

குழந்தைத் துன்புறுத்தல் என்றால் அடி உதையும் பாலியல் கொடுமையும்தானே?

இல்லை. ஆய்வுகளில் பொதுவாக ஐந்து வகை சொல்வார்கள்: அடி உதை, பாலியல் கொடுமை, மனதை நோகடிக்கும் கொடுமை, உடல் தேவைகளைக் கவனிக்காமல் விடுவது, மனத் தேவைகளைக் கவனிக்காமல் விடுவது. பல நாடுகளில் புழங்கும் 28 கேள்விப் படிவம் ஒன்று இந்த ஐந்தையும்தான் அளக்கிறது.

முதல் மூன்றும் யாரோ செய்தவை. கடைசி இரண்டும் யாரும் செய்யாமல் விட்டவை. செய்தது தழும்பாகவோ நினைவாகவோ நிற்கும். செய்யாமல் விட்டதற்குச் சாட்சி கிடையாது. காய்ச்சலில் கிடந்த இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் வரவில்லை என்பதை ஒரு பிள்ளை எப்படிப் புகாராகச் சொல்லும்? "என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை" என்றுதான் சொல்லும். அது உண்மையும்கூட.

சாப்பாட்டுக் கோளாறு என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாப் பிள்ளைகளும் சில நாள் அடம்பிடிக்கத்தானே செய்கிறார்கள்?

அடம் வேறு, இது வேறு. மருத்துவர்கள் பெயர் வைத்திருப்பவை சில: எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உடலுக்கு வேண்டியதைக்கூடச் சாப்பிடாமல் ஒடுங்கிப்போகும் அனோரெக்ஸியா, கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதைச் 'சரிக்கட்ட' உடலைத் தண்டிக்கும் புலிமியா, சரிக்கட்டும் முயற்சி இல்லாமல், அடிக்கடி அளவு மீறிச் சாப்பிட்டுக் கூசிப்போகும் பிஞ்ச் ஈட்டிங். கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோய் என்ற இடம் 2013இல்தான் கிடைத்தது.

இந்தப் பெயர்களுக்குள் முழுதாக அடங்காமல் விளிம்பில் நிற்கும் பிள்ளைகள் இவர்களைவிட அதிகம். வேளை தவறாமல் பட்டினி, ஒளிந்து சாப்பிடுவது, ஒவ்வொரு வாய்க்கும் மனதுக்குள் கணக்கு. இதைக் குலைந்த சாப்பாட்டுப் பழக்கம் என்று சொல்லலாம். நோய்ப் பெயர் இன்னும் ஒட்டவில்லை என்பதற்காக இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒல்லியாக இருந்தால்தானே கவலைப்பட வேண்டும்?

உடம்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. புலிமியா உள்ளவர்களில் பலர் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். பருமனாக இருக்கும் பிள்ளை திடீரென்று பாதியாகச் சாப்பிட ஆரம்பித்தால் வீட்டில் கைதட்டல்கூடக் கிடைக்கும். அந்தக் கைதட்டலில் எத்தனையோ மாதங்கள் வீணாகின்றன.

சரி, துன்புறுத்தலுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எண்கள் சொல்கின்றனவா?

சொல்கின்றன. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முன் நடந்த ஆய்வுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தது. சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்களில் 21 முதல் 59 சதவீதம் பேர் சிறுவயதில் ஏதோ ஒரு துன்புறுத்தலைச் சந்தித்திருந்தார்கள். நலமாக இருந்தவர்களில் அது 1 முதல் 35 சதவீதம். வேறு மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 5 முதல் 46. இடைவெளிகள் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: கொடுமையின் வகைக்கு வகை, கோளாறின் வகைக்கு வகை எண் மாறுகிறது, எதைத் துன்புறுத்தல் என்று எண்ணுவது என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம். துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்குக் கோளாறு இன்னும் இளம் வயதிலேயே தொடங்குவதையும், கடுமையாக இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது.

நோயாளிகளிடம் பின்னோக்கிக் கேட்டால் ஞாபகம் ஏமாற்றலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அதனால் முன்னோக்கிப் போன ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒன்று, 782 தாய்மாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் சிறுவயதிலிருந்து வளரும்வரை தொடர்ந்து கவனித்தது. பாலியல் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகளிடம் பின்னாளில் சாப்பாட்டுக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன.

எனக்குப் பிடிபடவில்லை. பட்டது மனதில். அது எப்படி வயிற்றுக்குப் போகிறது?

யோசித்துப் பார்த்தால் நம் பேச்சிலேயே இது இருக்கிறது. துக்கத்தில் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்கிறோம். கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறோம். மனமும் வயிறும் பக்கத்து வீடுகூட இல்லை, ஒரே வீட்டின் இரண்டு அறைகள். ஆனால் வழி ஒன்றல்ல, பல.

முதலாவது, உணர்ச்சியைக் கையாளத் தெரியாமல் போவது. அழுகிற குழந்தையைத் தூக்கி, "பயந்துட்டியா?" என்று ஒருவர் கேட்கும்போது குழந்தை இரண்டு விஷயம் கற்றுக்கொள்கிறது. இந்தப் படபடப்புக்குப் பெயர் பயம். இது அடங்கிவிடும். அழுததற்கே அடி விழுந்த வீட்டில் இந்தப் பாடம் நடப்பதில்லை. பதினான்கு வயதில் அந்தப் பிள்ளைக்குள் ஒரு கொந்தளிப்பு எழும்போது அது கோபமா, துக்கமா, பசியா என்றே தெரியாது. அடக்க என்ன வழி? சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டால் கொஞ்ச நேரம் மனம் மரத்துப்போகும். பட்டினி கிடந்தாலும் அதே மரத்துப்போதல் வேறு வாசல் வழியாக வரும். எதிரெதிராகத் தெரிகிற இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. டாட் ஹெதர்டன், ராய் பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991லேயே, அளவு மீறிச் சாப்பிடுவது 'தன்னைப் பற்றிய நினைப்பிலிருந்து தப்பி ஓடுவது' என்று விளக்கினார்கள். என் பார்வையில் இன்றும் அதைவிடப் பொருத்தமான விளக்கம் குறைவு.

இரண்டாவது, அவமானம். கொடுமை செய்தவர் வெட்கப்படுவதில்லை. பட்ட பிள்ளைதான் வெட்கப்படுகிறது. பாலியல் கொடுமையில் அந்த வெட்கம் நேராக உடம்பின்மேல் போய் உட்காரும். இந்த உடம்பால்தான் இதெல்லாம் நடந்தது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. பின்பு அந்த உடம்பைச் சுருக்கி இல்லாமல் ஆக்கப் பார்க்கலாம், யாரும் ஏறிட்டுப் பார்க்காதபடி பெருக்கியும் வைக்கலாம்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980களின் நடுவில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல்பருமன் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். தோற்றவர்கள் ஓடினால் புரியும். ஜெயித்துக்கொண்டிருப்பவர்கள் ஏன் ஓட வேண்டும்? விசாரித்தபோது பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் சிலருக்கு அந்தப் பருமன் நோயாகத் தெரியவில்லை, கவசமாகத் தெரிந்தது. எடை குறையக் குறையப் பயம் கூடியது. அந்தக் குழப்பத்திலிருந்து கிளம்பியதுதான் அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட, சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு. அவர்கள் பார்த்தது வயதுவந்தவர்களை. ஆனால் கவசம் தைக்கப்படுவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னால்.

மூன்றாவது, பிடிமானம். எப்போது யார் கத்துவார்கள், கதவு எப்போது திறக்கும் என்று எதுவும் தன் கையில் இல்லாத பிள்ளைக்கு, வாய்க்குள் என்ன போகிறது என்பது மட்டும் தன் கையில் இருக்கிறது. "ஒரு வாய் சாப்பிடு" என்று நாம் கெஞ்சும்போது, அவர்கள் காதில் அது "இதையும் என்னிடம் கொடுத்துவிடு" என்று விழலாம்.

உடலியல் பக்கமும் உண்டு. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து வளர்ந்த உடலில் கார்ட்டிசால் போன்ற மனஅழுத்த ஹார்மோன்களின் ஒழுங்கு மாறிவிடுகிறது. அவை பசியோடும் பின்னிக்கிடப்பவை. பசிக்கிறது, நிறைந்துவிட்டது என்று உள்ளிருந்து வரும் சமிக்ஞைகளை வாசிக்கும் திறனும் மங்கலாம். சில பிள்ளைகள் "பசியே தெரியலை" என்று சொல்வது சாக்குப்போக்கல்ல.

அடிக்கவே இல்லை, வெறும் வாய்ப்பேச்சுதான் என்றாலுமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் கொஞ்சம் ரோஷத்தோடு. ஆம், வாய்ப்பேச்சுதான் என்றாலும். மனதை நோகடிக்கும் கொடுமைக்கும் புலிமியா, பிஞ்ச் ஈட்டிங் இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

காரணம் விளங்கக்கூடியதுதான். அடி வெளியிலிருந்து வருகிறது, கை நின்றால் நிற்கும். "உன்னால் எனக்கு மானமே போச்சு" என்பது உள்ளே போய்க் குடியேறிவிடும். சில வருடங்களில் அந்தக் குரல் அம்மாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோ கேட்காது, தன் சொந்தக் குரலாகவே கேட்கும். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்தக் குரல்தான் பேசும்.

வீட்டுக் கேலிக்கும் இதில் பங்குண்டு. அதைக் கொடுமைக் கணக்கில் சேர்க்கலாமா என்று வாதிடுவார்கள், வாதிடட்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1998–99இல் 4,746 பதின்வயதினரிடம் தொடங்கிய ஓர் ஆய்வு அவர்களில் பலரைப் பல வருடம் பின்தொடர்ந்தது. எடையைச் சொல்லிக் குடும்பத்தாராலும் சக பிள்ளைகளாலும் கேலி செய்யப்பட்ட பெண்களிடம், 15 வருடம் கழித்தும் அளவு மீறிச் சாப்பிடுவதும் மனக்கஷ்டத்துக்கு மருந்தாகச் சாப்பிடுவதும் கூடுதலாகத் தெரிந்தன. கேலி செய்தவர்களுக்கு அந்த நாள் ஞாபகம்கூட இருக்காது.

வளர்ப்புக்கு எடுத்த பிள்ளை தலையணைக்குள் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறான். திருட்டுப் புத்தியா?

தலையணை உறையைக் கழற்றினால் பொடிந்துபோன பிஸ்கட், காய்ந்துபோன ஏதோ ஒன்று, எறும்பு. எடுத்துக் காட்டினால் பிள்ளை வாய் திறக்காது, முகம் மட்டும் வெளுக்கும். மூன்று வேளையும் வயிறார உண்கிற வீட்டில் இது ஏன் என்று வளர்ப்பவர்களுக்கு மனம் நொந்துபோகும்.

இது திருட்டல்ல, கணக்கு. அடுத்த வேளை வருமா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை போட்டுவைத்திருக்கும் கணக்கு. வீடு மாறிவிட்டது, கணக்கு இன்னும் மாறவில்லை. அவசர அவசரமாக அள்ளி விழுங்குவது, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாதது எல்லாம் இதே வகை. வீட்டில் கடும் மனஅழுத்தத்தில் வாழும் சில குழந்தைகள் அடங்காத பசியோடு சாப்பிட்டும் வளர்ச்சி குன்றிப்போவதையும், அந்தச் சூழலிலிருந்து வெளியே வந்ததும் அவர்களுடைய வளர்ச்சி ஹார்மோன் சுரப்பு மறுபடி சீராவதையும் பிரிட்டனில் 1996இல் ஒரு மருத்துவக் குழு விவரித்தது.

என்ன செய்யலாம்? திட்டாதீர்கள், பூட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கென்று ஒரு டப்பா கொடுங்கள். அது எப்போதும் நிறைந்திருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி, சொன்னபடி நிரப்பிவையுங்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். பல மாதம் ஆகும். சில நாள் டப்பாவும் நிறைந்திருக்கும், தலையணையும் நிறைந்திருக்கும்.

நாங்களெல்லாம் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தானே. எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே?

எல்லோருக்கும் வராதுதான். புகைபிடித்த எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்பது போல. துன்புறுத்தல் ஆபத்தைக் கூட்டுகிறது, விதியை எழுதுவதில்லை.

மரபுக்குப் பெரிய பங்குண்டு. 2019இல் அனோரெக்ஸியா உள்ள சுமார் 17,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, மரபணுத் தொகுப்பின் எட்டு இடங்களில் அந்த நோயோடு தொடர்பு இருப்பதாக அறிவித்தார்கள். உடல் வளர்சிதை மாற்றத்தோடும் அதற்குச் சம்பந்தம் இருந்தது. இதோடு பிள்ளையின் சுபாவம், பருவமடையும் காலம், உடல்வாகைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் பேசும் பேச்சு, கடுமையான டயட் என்று பலதும் சேரும்.

எதிர்ப்பக்கம் தாங்கிப்பிடிப்பவையும் உண்டு. நம்பிப் பேச ஒரே ஒரு பெரியவர் இருந்தால்கூடக் கணக்கு மாறும். பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடித்த கையைத் தவிர, அணைத்த கை ஒன்றும் இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்கும்.

என் மகளுக்கு அனோரெக்ஸியா. அப்படியானால் அவளுக்கு யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும், இல்லையா?

இல்லை. இந்தத் தலைப்பில் நடக்கிற பெரிய தவறு இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன எண்களையே திருப்பிப் பாருங்கள்: கோளாறு உள்ளவர்களில் பலருக்கு எந்தத் துன்புறுத்தலும் நடந்ததில்லை. அன்பான, அமைதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது. தாய்தான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே கை நீட்டியது. எத்தனை தாய்மார் அதைச் சுமந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

துருவித் துருவிக் கேட்பதும் கூடாது. "யார் தொட்டது, சொல்லு" என்று நாமே பதிலை ஊட்டினால் உண்மையும் கலங்கிவிடும், பிள்ளையும் கலங்கிவிடும். "உனக்குச் சொல்ல வேண்டும் என்று எதாவது இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கேட்பேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போதும். முறையாகக் கேட்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அவர்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் வழக்கமாகக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

ஏன் சரியாகப் பதின்வயதில் வெடிக்கிறது?

உடம்பு மாறுகிறது, மாறுகிற உடம்பைச் சுற்றியிருப்பவர்கள் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். ஏழு வயதில் நடந்ததன் பொருள் பதின்மூன்று வயதில்தான் புரிகிறது. அப்புறம், என்ன சாப்பிடுகிறோம், எங்கே சாப்பிடுகிறோம் என்பதில் முதன்முறையாகக் கொஞ்சம் சுதந்திரமும் கிடைக்கிறது.

பையன்களுக்கும் வருமா?

வரும். பெண்பிள்ளைகளைவிடக் குறைவு, ஆனால் கண்டுபிடிக்கப்படுவது அதைவிடக் குறைவு. பையன்களிடம் இது சில சமயம் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையாக வராது. தசை ஏற்ற வேண்டும், கொழுப்பே இருக்கக் கூடாது என்ற வெறியாக வரும். ஊரார் அதை 'உடம்பைப் பார்த்துக்கிறான்' என்று பாராட்டுவார்கள். தனக்கு நடந்த பாலியல் கொடுமையை வெளியில் சொல்வதும் பையன்களுக்குப் பெரும்பாடு.

வீட்டிலோ வகுப்பிலோ எதைக் கவனிப்பது?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரே பிள்ளையின் கதையல்ல, பல பிள்ளைகளிடம் தெரிகிற துண்டுகளை ஒட்டியது. மதிய உணவு வேளை. எல்லோரும் டப்பாவைத் திறந்து பாதி முடித்துவிட்டார்கள். இவள் இன்னும் துண்டுதுண்டாக்கிக்கொண்டிருக்கிறாள், சின்னச் சின்னதாக, ஒரே அளவாக. பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிறாள். பக்கத்தில் இருப்பவளுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். பின்னால் யாரோ ஒரு பெஞ்சை இழுக்கிறார்கள், அந்தச் சத்தத்துக்குத் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்குகிறது. அதற்கப்புறம் அவள் கை டப்பா பக்கம் போகவே இல்லை.

துண்டாக்குவதை ஆசிரியர் கவனிக்கலாம். தோள் ஏறி இறங்கியதையும் சேர்த்துக் கவனிப்பதுதான் நான் சொல்ல வருவது. சாப்பாட்டு அறிகுறிகள் பலருக்கும் தெரியும்: சேர்ந்து உண்பதைத் தவிர்ப்பது, சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போவது, வெயிலிலும் தொளதொள உடை, எப்போதும் குளிர்கிறது என்பது, மாதவிடாய் நின்றுபோவது, தலைசுற்றல். இவற்றின் பக்கத்தில் காயத்தின் அறிகுறிகளும் நிற்கின்றனவா என்று பாருங்கள்: சத்தத்துக்கு அதிர்வது, தூக்கமின்மை, பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ போய்விட்டதுபோல் வெறித்துப் பார்ப்பது, குறிப்பிட்ட ஒரு ஆளையோ அறையையோ தவிர்ப்பது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது. இரண்டும் சேர்ந்து இருந்தாலும் அது தீர்ப்பல்ல. சீக்கிரம் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பதற்கான காரணம் மட்டுமே.

பிள்ளையே வாய் திறந்து "எனக்கு இப்படி நடந்தது" என்று சொன்னால்?

உட்காருங்கள். குறுக்கே பேசாதீர்கள். "நீ சொன்னது நல்லது. நம்புகிறேன். இது உன் தப்பில்லை." இந்த மூன்றும் போதும். "ஏன் அப்பவே சொல்லலை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்த ஒரு கேள்வியில் குற்றவாளி மாறிவிடுகிறார். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற சத்தியமும் வேண்டாம், ஏனென்றால் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் நாட்டுச் சட்டப்படி குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கலாம். யாரிடம், ஏன் சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே அன்றே எழுதிவையுங்கள்.

இத்தனை வருடம் கழித்துச் சொல்வதை நம்பலாமா?

2019இல் ஒரு தொகுப்பாய்வு, சிறுவயதிலேயே பதிவான துன்புறுத்தலையும் பெரியவர்களானபின் அவர்களே சொல்வதையும் ஒப்பிட்டது. பதிவில் இருந்தவர்களில் சராசரியாக 52 சதவீதம் பேர் பின்னாளில் அதைச் சொல்லவே இல்லை. பின்னாளில் சொன்னவர்களில் 56 சதவீதம் பேருக்குப் பழைய பதிவு இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது தவறு. வீட்டுக்குள் நடப்பதில் எத்தனை பதிவேறுகிறது? பதிவேறியவர்களிலும் எத்தனை பேர் மறக்க விரும்பியிருப்பார்கள்? இரண்டு அளவுகோலும் ஓரளவு வெவ்வேறு ஆட்களைப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு பிள்ளை சொல்லும்போது நீங்கள் நீதிபதி வேலை பார்க்க வேண்டியதில்லை.

சிகிச்சையில் எது முதலில்? காயத்தை ஆற்றுவதா, சாப்பிட வைப்பதா?

உடல் ஆபத்தில் இருந்தால் உடல்தான் முதலில். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, அனோரெக்ஸியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுடைய மற்றவர்களைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீர்கூட மறுப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு இருந்தால் அன்றே மருத்துவமனை. நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச்சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே வினையாகலாம். அதையும் மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டினி கிடக்கும் மூளையோடு ஆழமான பேச்சு நடக்காது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு எந்தச் சிறுவயதுக் கொடுமையும் தேவைப்படவில்லை. பட்டினியே போதுமானதாக இருந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், ஒதுங்கல், சாப்பிடுவதில் விசித்திரமான சடங்குகள். திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது சிலருக்கு நிறுத்தவே முடியவில்லை. ஆக நீங்கள் பிள்ளையிடம் பார்க்கும் பலதும் பட்டினியின் வேலை. அது விலகினால்தான் அடியில் காயம் இருக்கிறதா என்றே தெரியும்.

அதற்காகக் காயத்தைக் கிடப்பில் போடவும் கூடாது. அது வரைக்கும் தாங்கிக்கொள்ள உதவிய சாப்பாட்டுப் பழக்கத்தைப் பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால், வேறொரு தீங்கு அந்த இடத்துக்கு வரும். சாப்பாட்டில் கொஞ்சம் நிலைபெற்றதும் காயத்துக்கான சிகிச்சையும் இணைந்தே போகலாம் என்று இந்தத் துறையில் வேலை செய்யும் பலர் இப்போது சொல்கிறார்கள்.

குடும்பத்தை வைத்தே செய்கிற சிகிச்சை நல்லது என்கிறார்களே?

நல்லதுதான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறை அது. பெற்றோரே பொறுப்பெடுத்துப் பிள்ளையைச் சாப்பிட வைப்பார்கள். பதின்வயது அனோரெக்ஸியாவுக்குப் பல இடங்களில் முதல் தெரிவு இதுதான். ஆனால் கொடுமை செய்தவரே அந்த வீட்டில் இருந்தால்? அவரிடமே பிள்ளையின் தட்டையும் ஒப்படைப்பது எப்படிச் சரியாகும்? அதனால் தொடங்குமுன் பிள்ளையிடம் தனியாகப் பேசியாக வேண்டும். அப்படியொரு வீடென்றால் பாதுகாப்பு முதலில், பிறகு தனிநபர் சிகிச்சை. எண்ணத்தையும் பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், ஆக்ஸ்ஃபோர்டின் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய வடிவம் அதில் ஒன்று. பாதுகாப்பான வேறு உறவினர் கைகொடுக்கலாம்.

கடிந்து பேசியது நான்தான். இப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கவே தைரியம் வேண்டும். குற்ற உணர்ச்சியில் பிள்ளை முன்னால் உடைந்து அழாதீர்கள்; அப்புறம் அந்தப் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், அதற்குச் சக்தி கிடையாது. "நான் அப்படிப் பேசியது தப்பு. அப்படிப் பேச்சு வாங்க நீ எந்தத் தப்பும் செய்யவில்லை" என்று 'ஆனால்', 'ஏனென்றால்' எதுவும் ஒட்டாமல் சொல்லுங்கள். மன்னிப்பு உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடம்பு, எடை, அழகு பற்றிய பேச்சை வீட்டில் நிறுத்துங்கள், உங்கள் உடம்பைப் பற்றியதையும் சேர்த்து. கோபம் கைமீறுகிறது என்றால் உங்களுக்கும் ஒரு ஆலோசகர் வேண்டும்.

நான்தான் அந்தப் பிள்ளை. யாரிடம் சொல்வது?

உன் மனதில் இப்போது ஒரு முகம் வந்திருக்கும். சித்தியோ, டீச்சரோ, தோழியின் அம்மாவோ. அவரிடம் போ. முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. "என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை, எனக்கு ஒன்று நடந்தது, இப்போது சொல்ல வரவில்லை" என்பது போதும். வாயில் வராவிட்டால் எழுதிக் கொடு. முகம் எதுவும் வரவில்லை என்றால் உன் நாட்டில் குழந்தைகளுக்கென்று உதவி எண் இருக்கிறதா என்று தேடிப் பார், அல்லது பக்கத்து மருத்துவமனையில் இருக்கும் நர்ஸிடம் சொல். முதலில் சொன்னவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல். அவர் நம்பாதது அவருடைய குறை. வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல். சாப்பாட்டுப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.